ஜோடி பிரிந்த ஜாடிகள்

இந்தியாவில் பழைய சாமான் கடைகளில் 'ஜப்பான் ஜாடி' என்று விற்கப்படும் பூஜாடிகளில் பெரும்பாலானவை எந்த ஜப்பானியர் வீட்டிலும் ஒரு நாள்கூட இருந்ததில்லை. கியோட்டோவிலோ ஒசாகாவிலோ யோகஹாமாவிலோ உருவாகி, வைக்கோல் சுற்றி மரப்பெட்டியில் அடைபட்டு, நேரே கப்பல் ஏறியவை அவை. பழைய ஜப்பானிய வீட்டில் அலங்காரத்துக்கென்று ஒதுக்கிய இடம் 'தொக்கொனோமா' என்ற சிறு மாடம். அங்கே ஒரு சுருள் ஓவியம், அதன் கீழே ஒற்றை ஜாடி, அதில் நாலைந்து கிளைகள். அவ்வளவுதான். கழுத்திலிருந்து அடி வரை விரற்கடை இடம்கூட விடாமல் தங்கமும் வண்ணமும் பூசி, அச்சாக ஒன்றுபோல் இரண்டாகச் செய்த ஜாடிக்கு அந்த மாடத்தில் வேலையே இல்லை. அது ஐரோப்பிய வீட்டின் கணப்பு அடுப்புக்கு மேலுள்ள பலகையில், நடுவே இருக்கும் கடிகாரத்துக்கு இரு பக்கமும் நிறுத்துவதற்காகச் செய்தது.

பெங்களூரில் அப்படிப்பட்ட வீடுகள் இருந்தன. குழந்தை இயேசு திருத்தலத்தால் ஊரறிந்த விவேக் நகரை ஒட்டி ஆஸ்டின் டவுன். அதற்கு மேற்கே லாங்ஃபோர்ட் டவுன், ரிச்மண்ட் டவுன். கன்டோன்மென்ட் காலத்து பங்களாக்கள் வரிசை பிடித்து நின்ற பகுதி இது. மார்கழிக் குளிருக்காக அந்த வீடுகளில் கணப்பு அடுப்பும் புகைபோக்கியும் வைத்துக் கட்டினார்கள். அடுப்பு இருந்தால் அதன் மேல் பலகை. பலகை இருந்தால் அதன்மேல் ஒரு ஜோடி ஜாடி. விவேக் நகரில் குடியிருந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய சாமான் தேடிப் போகும் ஒருவருக்கு ஜப்பான் ஜாடி ஒன்று கண்ணில் பட்டால், அது எங்கிருந்தோ வழி தவறி வந்த அபூர்வம் என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் எந்த மாதிரி வீட்டுக்காகச் செய்யப்பட்டதோ, அந்த மாதிரி வீட்டுக்குத்தான் அது வந்து சேர்ந்தது.

செய்தவர் யார் என்பதைப் பல சமயம் ஜாடியின் அடியே சொல்லிவிடும். எந்தக் கப்பலில் வந்தது, யார் வாங்கினார், எந்த வீட்டில் அறுபது எழுபது வருஷம் நின்றது, யார் கைமாற்றினார் என்பதைத்தான் எதுவும் சொல்லாது. பழைய சந்தையில் உண்மையிலேயே தொலைந்துபோவது அந்தப் பின்கதைதான்.

புரவலர் போனார், வியாபாரி வந்தார்

1868-ல் ஜப்பானில் மெய்ஜி ஆட்சி தொடங்கியது. மூன்று ஆண்டுகளில், 1871-ல், பிரபுக்கள் ஆண்ட தனிப்பகுதிகள் கலைக்கப்பட்டன. 1876-ல் சாமுராய்கள் பொது இடத்தில் வாள் அணிவதும் தடை செய்யப்பட்டது. பரம்பரை பரம்பரையாக அந்தப் பிரபுக்களை நம்பி இருந்த குயவர், கன்னார், அரக்கு வேலைக்காரர் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் படியளப்பவர் இல்லாமல் போனார். புதிய அரசுக்கோ இயந்திரமும் ரயிலும் வாங்க அந்நியச் செலாவணி தேவைப்பட்டது. கைவினையை ஏற்றுமதிச் சரக்காக்கியதன் மூலம் இரண்டு சங்கடத்துக்கும் ஒரே வழி பிறந்தது.

வழி ஏற்கெனவே ஓரளவு திறந்திருந்தது. 1867-ல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் சட்சுமா என்ற தனிப்பகுதி, அன்று ஜப்பானை ஆண்ட ஷோகன் அரசிலிருந்து தனித்து, தன் பெயரிலேயே கடை விரித்தது. 1873-ல் வியன்னா கண்காட்சியில் மெய்ஜி அரசு முதன்முறையாக அதிகாரபூர்வமாகக் கலந்துகொண்டது. சட்சுமாவின் குயவர் பன்னிரண்டாம் சின் ஜுகான் செய்த பெரிய ஜாடிகள் அங்கே பேர் வாங்கின. அடுத்த ஆண்டே, 1874-ல், அரசின் ஆதரவோடு 'கிரித்சு கோஷோ கைஷா' என்ற ஏற்றுமதி நிறுவனம் முளைத்தது. கோட்ஃப்ரீட் வாகெனர் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் அரிதாவிலும் கியோட்டோவிலும் வண்ணம், எனாமல், சூளை நுட்பங்களைக் கற்றுத் தந்தார். எந்த நாட்டுக்கு எந்த வடிவம் பிடிக்கும், எந்த அளவு விற்கும் என்று கணக்குப் பார்த்து மாதிரிப் படங்கள் வரைந்து, சூளைகளுக்கு அனுப்பி வைத்தார்கள்.

இந்த ஏற்றுமதி அலையில் வந்தவற்றை நாலு பெரிய வகைகளாகப் பிரிக்கலாம். முதலாவது சட்சுமா. தந்த நிற மண் உடல், மேற்பூச்சு முழுவதும் நுண்ணிய வலைபோல் வெடிப்பு, அதன் மேல் வண்ண எனாமலும் தங்கமும். ஜப்பான் 1592 முதல் 1598 வரை கொரியா மீது நடத்திய படையெடுப்பின்போது, சட்சுமாவை ஆண்ட ஷிமாசு பிரபு அங்கிருந்து கொண்டுவந்த குயவர்கள்தான் இந்தத் தொழிலின் மூலவர்கள். சின் ஜுகான் அந்த வம்சம். ஆனால் 1880-களுக்குள் சட்சுமா என்பது ஊர்ப் பெயராக இல்லாமல் பாணியின் பெயராகிவிட்டது. கியோட்டோவின் அவதா பகுதியிலும் ஒசாகாவிலும் கோபேயிலும் யோகஹாமாவிலும் அதே பெயரில் செய்தார்கள். வெறும் ஜாடியை ஓரிடத்தில் சுட்டு, வேறிடத்தில் வண்ணம் தீட்டினார்கள். கியோட்டோவின் கின்கோசன் குடும்பம் இந்த ஏற்றுமதியில் முன்னணியில் இருந்தது. ஒசாகாவில் யாபு மெய்சன் சிறிய ஜாடிகளில் எறும்பளவு மனித உருவங்களை ஊர்வலமாக வரைய வைத்தார். கோடுகள் பிசகாமலிருக்கச் செப்புத் தகட்டில் செதுக்கிய அச்சையும் பயன்படுத்தினார்.

இரண்டாவது இமாரி: நீலம், செங்காவி, தங்கம் மூன்றும் சேர்ந்த பீங்கான். அரிதாவில் பீங்கான் தொழில் தொடங்கியது 1616 வாக்கில் என்பது மரபு. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1659-ல் மட்டும் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பீங்கான் பொருள்களுக்கு அங்கே ஆணை கொடுத்தது. அதே கம்பெனிதான் ஜப்பானியச் செம்பைச் சோழமண்டலக் கரைக்குக் கொண்டுவந்தது. பழவேற்காடும் நாகப்பட்டினமும் அதன் தளங்கள். ஆக நாகசாகியும் தமிழ்க் கடற்கரையும் ஒரே வியாபாரக் கணக்கேட்டில் பதினேழாம் நூற்றாண்டிலேயே இடம்பிடித்துவிட்டன. மூன்றாவது, இஷிகாவா பகுதியின் குத்தானி; சிவப்பும் தங்கமும் தூக்கலாக இருக்கும். நாலாவது 'ஷிப்போ': செம்பு உடலில் மெல்லிய கம்பியை ஒட்டி, அறை அறையாகப் பிரித்து, எனாமல் நிரப்பிச் சுட்டு, மெருகேற்றுவது. நகோயாவில் காஜி ட்சுனேகிச்சி 1830-களில் உயிர்ப்பித்த இந்தக் கலையைக் கியோட்டோவின் நமிகாவா யாசுயுகியும், டோக்கியோவின் நமிகாவா சோசுகேயும் உச்சத்துக்குக் கொண்டுபோனார்கள். பெயர் ஒன்றுபோல் ஒலித்தாலும் இருவருக்கும் உறவில்லை. 1896-ல் இருவருமே அரண்மனைக் கலைஞர்களாக அறிவிக்கப்பட்டார்கள்.

கப்பல் வந்த வழி

1889-ல் அலகாபாத்தின் 'பயனியர்' பத்திரிகை, தன் இளம் நிருபர் ஒருவரைக் கல்கத்தாவிலிருந்து ரங்கூன், சிங்கப்பூர், ஹாங்காங் வழியாக ஜப்பானுக்கு அனுப்பிவைத்தது. அவர் பெயர் ருட்யார்ட் கிப்ளிங். கியோட்டோவில் அவர் நமிகாவாவின் பட்டறைக்குப் போய், கம்பி ஒட்டுவது முதல் மெருகேற்றுவது வரை பார்த்து எழுதியவை இந்தியாவில் இருந்த ஆங்கிலேயர் வாசித்த பத்திரிகையில் வெளிவந்தன. லண்டன் கடைகளில் மட்டும் பார்த்த பொருளைப் பற்றி அவர்கள் இப்போது தங்கள் ஊர்ப் பத்திரிகையிலேயே படித்தார்கள். விடுப்பில் தாயகம் போவதற்குப் பதில் ஜப்பானுக்கு ஒரு சுற்று போய்வருவது இந்தியாவிலிருந்த அதிகாரிகளுக்கும் சாத்தியமான காலம் அது.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1893 ஜூலையில், இரண்டு இந்தியர்கள் யோகஹாமாவிலிருந்து ஒரே கப்பலில் வட அமெரிக்காவுக்குப் புறப்பட்டார்கள். ஒருவர் விவேகானந்தர். ஏறுவதற்குச் சில நாள் முன்பு அங்கிருந்து அளசிங்கப் பெருமாளுக்கும் மற்றச் சென்னை நண்பர்களுக்கும் ஜப்பானின் முன்னேற்றத்தை வியந்து கடிதம் எழுதியிருந்தார். மற்றவர் ஜம்ஷெட்ஜி டாட்டா. அந்தப் பயணத்தில் ஏற்பட்ட பழக்கத்தை நினைவுகூர்ந்துதான் 1898-ல் டாட்டா விவேகானந்தருக்கு எழுதினார். பெங்களூரின் இந்திய அறிவியல் கழகம் பிறந்த கதையில் அந்தக் கடிதத்துக்கு இடம் உண்டு. ஜாடிகளின் கதைக்கோ டாட்டாவின் ஜப்பான் பயணத்தில் வேறொரு விளைவுதான் முக்கியம். பம்பாய்க்கும் ஜப்பானுக்கும் நடுவே பி அண்ட் ஓ முதலிய ஐரோப்பியக் கம்பெனிகள் வைத்திருந்த சரக்குக் கட்டண ஆதிக்கத்தை எதிர்த்து, டாட்டாவும் நிப்போன் யூசென் கைஷா என்ற ஜப்பானியக் கப்பல் நிறுவனமும் கைகோத்தார்கள். 1893 நவம்பரில் அந்த நிறுவனத்தின் பம்பாய்த் தடம் தொடங்கியது. இந்தியப் பருத்தி கிழக்கே போக, தீக்குச்சி, பட்டு, கண்ணாடி, பீங்கான் என்று ஜப்பானியச் சரக்கு மேற்கே வந்தது.

விற்பனைக்கு ஆளும் இருந்தார்கள். சிந்து மாகாணத்து ஹைதராபாதைச் சேர்ந்த வியாபாரிகள், 'சிந்துவொர்க்கி' என்று பெயர் பெற்றவர்கள், யோகஹாமாவிலும் கோபேயிலும் கிளை வைத்துப் பட்டும் அலங்காரப் பொருளும் வாங்கினார்கள். பொஹுமல் பிரதர்ஸ், வாசியாமல் அஸூமல் போன்ற நிறுவனங்களின் கடைகள் மத்தியதரைக் கடலிலிருந்து கீழைத் துறைமுகங்கள் வரை பரவியிருந்தன. கப்பல் நிற்கும் ஊரில் கடை. கப்பல் பயணிதான் வாடிக்கையாளர். 1923 செப்டம்பர் நிலநடுக்கத்தில் யோகஹாமா அழிந்தபோது அங்கிருந்த இந்திய வியாபாரிகள் பலர் கோபேக்குப் பெயர்ந்தார்கள். அந்தச் சமயத்தில் கிடைத்த உதவிக்கு நன்றியாக இந்தியர்கள் 1939-ல் கட்டிக் கொடுத்த குடிநீர் மண்டபம் இன்றும் யோகஹாமாவின் யமாஷிதா பூங்காவில் நிற்கிறது.

வாங்கியவர்களில் பெரிய கை சமஸ்தானங்களுடையது. பரோடாவின் மூன்றாம் சயாஜிராவ் தன் அருங்காட்சியகத்தில் ஜப்பானியப் பொருள்களுக்கும் இடம் கொடுத்தார். மும்பையின் பழைய பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் அருங்காட்சியகத்துக்குச் சர் ரத்தன் டாட்டா, சர் தோராப்ஜி டாட்டா இருவரின் சேகரிப்புகளும் போய்ச் சேர்ந்தன. அவற்றில் ஜப்பானியப் பீங்கானும் எனாமலும் உண்டு. தென்னகத்தில் இதைப் பார்க்க வேண்டிய இடம் ஹைதராபாத். நிஜாமின் திவானாகச் சில காலம் இருந்த மூன்றாம் சாலார் ஜங், மீர் யூசுஃப் அலிகான், 1949-ல் காலமாகும்வரை உலகெங்குமிருந்து வாங்கிக் குவித்தவை 1951-ல் அருங்காட்சியகமாயின. அங்குள்ள ஜப்பானியக் கூடத்தில் சட்சுமா, இமாரி, குத்தானி மூன்றையும் அருகருகே பார்க்கலாம். பழைய கடையில் காசு கொடுப்பதற்கு முன் கண்ணைப் பழக்க அதைவிட நல்ல பள்ளிக்கூடம் பெங்களூருக்குப் பக்கத்தில் இல்லை.

தமிழகத்தில் ஜப்பானியச் சுடுமண் சரக்கு மிக ஆழமாகப் புகுந்தது செட்டிநாட்டில். பர்மா, மலேயா, இலங்கை என்று வட்டித் தொழில் நடத்திய நகரத்தார், பர்மாத் தேக்கும் ஐரோப்பிய எனாமல் பாத்திரமும் கொண்டுவந்த கையோடு ஜப்பானிய மஜோலிகா ஓடுகளையும் இறக்கினார்கள். 1920, 30-களில் இந்திய வாங்குபவரை மனத்தில் வைத்தே ஜப்பானிய ஓட்டுத் தொழிற்சாலைகள் கிருஷ்ணர், லட்சுமி போன்ற தெய்வ உருவங்களை அச்சிட்டு அனுப்பின. முகப்புச் சுவரில் பதித்த ஓட்டுக்கும் வளவு அலமாரியில் வைத்த ஜாடிக்கும் ஒரே நாடு, ஒரே கப்பல் பாதை.

பங்களாவிலிருந்து பழைய கடைக்கு

1809-ல் உருவான பெங்களூர் கன்டோன்மென்ட், 1881-ல் மைசூர் அரசர் கைக்கு ஆட்சி திரும்பிய பிறகும், தனியாக ஆங்கிலேயர் பொறுப்பிலேயே இருந்தது. 1947 ஜூலையில்தான் அது மைசூருடன் இணைந்தது. அந்த நூற்று முப்பத்தெட்டு ஆண்டுகளில் இடமாற்றம் என்பது அன்றாடச் செய்தி. படை அதிகாரி வேறு ஊருக்குப் போகும்போதோ, ஓய்வு பெற்றுக் கப்பல் ஏறும்போதோ வீட்டுச் சாமானை ஏலம் விடுவது வழக்கம். உடையக்கூடியது, கனமானது, பெட்டிக்குள் அடங்காதது எல்லாம் பின்தங்கும். பெரிய ஜாடிக்கு இந்த மூன்று குணமும் உண்டு.

சுதந்திரத்துக்குப் பிறகு இன்னொரு அலை. 1950, 60-களில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் பல ஆஸ்திரேலியாவுக்கும் பிரிட்டனுக்கும் கனடாவுக்கும் புறப்பட்டன. காக்ஸ் டவுன், ரிச்சர்ட்ஸ் டவுன், ஒயிட்ஃபீல்டு வீடுகள் காலியாயின. மூன்றாவது அலை இன்னும் ஓயவில்லை. பங்களாவை இடித்து அடுக்குமாடி எழுப்பும்போது, உயர்ந்த கூரைக்கேற்ற அலமாரிக்கும் ஆளுயரக் கண்ணாடிக்கும் புதிய வீட்டில் இடமில்லை. பாகப் பிரிவினையில் இரண்டு ஜாடியில் ஒன்று அண்ணனுக்கு, மற்றொன்று தங்கைக்கு. மூன்றாம் தலைமுறையில் ஒருவர் வீட்டில் மட்டும் அது மிஞ்சும். ஒற்றை ஜாடியாகக் கடைக்கு வருவதில் பல இப்படி ஜோடி பிரிந்தவை. இரண்டும் சேர்ந்து கிடைத்தால் விலை இரட்டிப்பாவதோடு நிற்பதில்லை.

ஜோடியை அடையாளம் காண ஒரு வழி உண்டு. நல்ல பட்டறைகள் இரண்டு ஜாடியிலும் ஒரே படத்தை ஒரே திசையில் வரைவதில்லை. இடப்பக்க ஜாடியின் மயில் வலப்பக்கம் பார்த்தால், வலப்பக்க ஜாடியின் மயில் இடப்பக்கம் பார்க்கும். கடிகாரத்தை நடுவில் வைத்தால் இரண்டும் எதிரெதிர் முகம். ஒற்றையாக வாங்கிய ஜாடியில் பறவை ஒரு பக்கமே சாய்ந்து பறந்தால், எதிர்ப்பக்கம் பறக்கும் இன்னொன்று எங்கோ இருக்கிறது அல்லது உடைந்துபோயிருக்கிறது என்று அர்த்தம்.

கைமாறும் இடங்களுக்கும் தனி முகம் உண்டு. பெங்களூரில் சிவாஜி நகரின் ரஸ்ஸல் மார்க்கெட்டைச் சுற்றிய சந்துகளில் பழைய மேஜை நாற்காலியோடு பீங்கானும் கிடைக்கும். சிக்பேட்டை, அவென்யூ ரோடு பக்கத்து ஞாயிறு சந்தையில் தரையில் விரித்த சாக்கின் மேல் அறுந்த சார்ஜரும் பித்தளைக் கூஜாவும் பூஜாடியும் பேதமில்லாமல் உட்கார்ந்திருக்கும். குஜரிக்காரர் எடை போட்டு வாங்கிய மூட்டையில் வந்தது என்பதற்கு மேல் விற்பவருக்கு ஒன்றும் தெரியாது. சென்னைக்காரர்களுக்கு இந்த இன்பம் மூர் மார்க்கெட்டோடு போயிற்று. 1900-ல் திறந்து, பழைய புத்தகத்துக்கும் விநோதப் பொருளுக்கும் பேர் போன அந்தக் கட்டடம் 1985 மே மாதத் தீயில் சாம்பலானது. காரைக்குடியின் முனீஸ்வரன் கோயில் தெருவில் இன்றும் செட்டிநாட்டு வீடுகளிலிருந்து கழித்த தூணும் பீங்கானும் எனாமல் தூக்கும் கடை கடையாகக் குவிந்திருக்கின்றன. அங்கே விற்பவரிடம் கேட்டால், எந்த ஊர் வீட்டுச் சாமான் என்று சொல்லிவிட வாய்ப்புண்டு. ஞாயிறு சந்தையில் அந்த வாய்ப்பு அநேகமாக இல்லை.

அடியைத் திருப்பினால்

பழகிய கை ஜாடியை எடுத்ததும் முதலில் அதைத் தலைகீழாகத் திருப்பும். 1890-ல் அமெரிக்கா இயற்றிய மெக்கின்லி சட்டம், இறக்குமதிப் பொருளில் செய்த நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்றது. 1891 மார்ச்சிலிருந்து அமலானது. ஜப்பானியர் ரோமன் எழுத்தில் 'நிப்பான்' என்று பொறித்தார்கள். 1921-ல் அமெரிக்கச் சுங்கத்துறை அந்தச் சொல்லை ஏற்க மறுத்தது. அதன்பின் 'ஜப்பான்' அல்லது 'மேட் இன் ஜப்பான்'. போருக்குப் பின் அமெரிக்கப் படை ஆதிக்கத்தில் இருந்த காலத்தில், 1947 முதல் 1952 வரை, 'ஆக்குபைட் ஜப்பான்'. இந்த மூன்று முத்திரையால் தோராயக் காலம் தெரிந்துவிடும். முத்திரையே இல்லாவிட்டால் 1891-க்கு முந்தியது என்று தாவிவிடக் கூடாது. அமெரிக்காவுக்கென்று கட்டப்படாத சரக்குக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. இந்தியாவுக்கு வந்தது பெரும்பாலும் அப்படிப்பட்டதே.

ஜப்பானிய எழுத்தில் இருந்தால் மூன்று குறிகளைத் தெரிந்து வைத்துக்கொள்வது போதுமானது: காலை அகட்டிக் கை விரித்து நிற்கும் ஆள், நடுவே கோடிட்ட ஜன்னல், அடித்தண்டில் குறுக்குக் கோடுள்ள மரம். மேலிருந்து கீழாக இவை மூன்றும் 'தை நிப்பொன்', அதாவது 'மகா ஜப்பான்'. மெய்ஜி கால ஏற்றுமதியில் இது அதிகம் புழங்கியது. அருகே வட்டத்துக்குள் கூட்டல் குறி இருந்தால், அது ஷிமாசு பிரபு குடும்பத்தின் சின்னம். பாதி சந்தை இந்த இடத்தில்தான் ஏமாறும். அந்தச் சின்னத்தைக் கியோட்டோக்காரரும் யோகஹாமாக்காரரும் சட்சுமா பாணிக்கு அடையாளமாகத் தாராளமாகப் போட்டார்கள். பிரபுவின் சூளை என்பதற்கு அது அத்தாட்சி ஆகாது. அரிதாவில் செய்த பீங்கானின் அடியில் சீன மிங் அரசர் செங்ஹுவாவின் ஆண்டு முத்திரை இருப்பதும் இதே போலத்தான். மரியாதைக்குப் போட்டது, காலம் சொல்வதற்கில்லை.

அடுத்தது பத்து மடங்கு பெருக்கும் சிறிய லென்ஸ். கையால் வரைந்த கோடு ஓரிடத்தில் தடித்து ஓரிடத்தில் மெலியும். காகிதத்திலிருந்து ஒட்டி எடுத்த படமானால் புள்ளி புள்ளியாகப் பிரியும். 1970-களுக்குப் பிறகு சீனாவிலும் ஹாங்காங்கிலும் மக்காவிலும் சட்சுமா பாணியில் ஏராளமாகச் செய்தார்கள். 'ராயல் சட்சுமா' என்று ஆங்கிலத்தில் அழகாக அச்சிட்ட சிவப்பு முத்திரை அவற்றின் அடியில் இருக்கும். எந்த ஜப்பானிய அரசகுலத்துக்கும் அதில் பங்கில்லை.

சோதனைகள் பொருளுக்குப் பொருள் மாறும். விரல் நகத்தால் தட்டினால் நல்ல இமாரிப் பீங்கான் கணீர் என்னும். மயிரிழை விரிசல் இருந்தால் ஒலி செத்துவிடும். இதே சோதனையை சட்சுமாவில் செய்தால் நல்ல ஜாடியையும் ஓட்டை என்று ஒதுக்க நேரும். மண் உடலுக்கு இயல்பிலேயே மந்தமான ஓசைதான். புற ஊதா டார்ச்சைக் காட்டினால் பிற்காலப் பசையும் சாயமும் தனி நிறத்தில் ஒளிர்ந்து காட்டிக்கொடுக்கும். அடியின் நடுவில் கச்சிதமான வட்டத் துளை இருந்தால், யாரோ ஒரு காலத்தில் அதை மேஜை விளக்காக மாற்றியிருக்கிறார்கள். மின்கம்பி போன பாதை அது. ஷிப்போ என்று சொல்லி மொராதாபாத் பித்தளையை விற்பதும் உண்டு. அதில் வண்ணம் சூளையில் சுட்ட கண்ணாடி எனாமல் அல்ல. குழியில் நிரப்பிய அரக்கு. ஊசி முனையால் மெல்லக் கீறினால் அரக்கில் தடம் விழும், எனாமலில் விழாது. காந்தம் இரண்டிலும் ஒட்டாது என்பதால் அதை நம்பிப் பயனில்லை.

ஜப்பான் ஜாடிக்கு இந்திய வீட்டில் மிகப் பெரிய எதிரி, சுத்தம். அதன் தங்கம் மேற்பூச்சுக்கு மேல் மெல்லிய தீயில் ஒட்டவைத்தது. பாத்திரம் தேய்க்கும் பவுடரும் நாரும் பட்டால் சில வருஷத்தில் போய்விடும். பல ஜாடிகளில் வளைவின் முன்பக்கம் தங்கம் அழிந்தும், கழுத்தின் கீழ்ப் பள்ளத்தில் மட்டும் பளபளத்தும் இருப்பதற்குக் காரணம் இதுதான். சட்சுமாவைத் தண்ணீரில் ஊறவைத்தால் வெடிப்பு வலை வழியாக அழுக்கு நீர் உடலுக்குள் இறங்கிப் பழுப்பாகத் தங்கிவிடும். உலர்ந்த மென்தூரிகையும் பொறுமையும் போதும். ஆனால் தேய்மானமே ஒரு சாட்சியும்கூட. நூறு வருஷம் தரையில் நின்ற ஜாடிக்கு அடி விளிம்பில் ஒழுங்கற்ற தேய்வும் கறையும் இருக்கும். எங்கும் ஒரே மாதிரி 'பழசு' பூசிய ஜாடி சந்தேகத்துக்குரியது.

மேலே யார் நிற்கிறார்கள்?

மெய்ஜி சட்சுமாவில் திரும்பத் திரும்ப வரும் ஓர் உருவக் கூட்டம் உண்டு: மொட்டைத் தலை, நீண்ட காது, தடித்த புருவம், தலைக்குப் பின்னால் தங்க ஒளிவட்டம், காலடியில் டிராகன். இவர்கள் 'ரகான்', புத்தரின் சீடர்களான அருகதர்கள். சில ஜாடிகளில் செம்மேலங்கி போர்த்திய தாடிக்காரர் முறைத்துப் பார்ப்பார். அவர் 'தருமா', அதாவது போதிதர்மர். காஞ்சிபுரத்திலிருந்து சீனம் போனதாக மரபு கொண்டாடுபவர். ஏழு அதிர்ஷ்ட தெய்வங்களின் தோணியில் ஒரே ஒரு பெண், கையில் பீவா என்ற தந்தி வாத்தியம்: பென்தென். அவள் நம் சரஸ்வதி. கவசம் அணிந்த பிஷாமோன், வடதிசைக் காவலரான வைசிரவணர், அதாவது குபேரர். சாக்குமூட்டையோடு சிரிக்கும் தைக்கோக்கு, மகாகாளரின் உருமாற்றம்.

ஐரோப்பிய வாங்குபவருக்கு இவர்கள் எல்லோரும் வெறும் கீழைநாட்டு அலங்காரம். இந்தியச் சமையற்காரரும் தோட்டக்காரரும் தூசி தட்டிய அந்த ஜாடியில், பௌத்தத்தோடு வடக்கே போய், சீனத்தில் உடை மாற்றி, ஜப்பானில் கப்பல் ஏறித் திரும்பிய தங்கள் தெய்வங்களே நின்றார்கள். அதை யாரும் அறிமுகப்படுத்தி வைக்கவில்லை. விற்பனைப் பட்டியல்கள் இன்றும் 'முனிவர்கள்', 'கன்னி' என்று பொத்தாம்பொதுவாக எழுதிவிட்டு விலைக்குத் தாவிவிடுகின்றன. பென்தெனின் பீவாவை இனங்கண்டு வாங்கும் தமிழ்ச் சேகரிப்பாளருக்கு வேறு எந்த ஊர்க்காரருக்கும் கிடைக்காத வாசிப்பு கிடைக்கிறது.

நூறு வயதுச் சட்டம்

1972-ல் இயற்றி, 1976 ஏப்ரலில் அமலுக்கு வந்த தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம், நூறு ஆண்டுக்குக் குறையாத கலைப்பொருளைத் தொல்பொருள் என்கிறது. அதைத் தொழிலாக விற்பவருக்கு உரிமம் வேண்டும். தனியார் யாரும் அதை நாட்டைவிட்டுக் கொண்டுபோக முடியாது. பொருள் எந்த நாட்டில் செய்யப்பட்டது என்று அந்த வரையறை கேட்பதில்லை, வயதைத்தான் கேட்கிறது. எனவே 1890-ல் கியோட்டோவில் செய்து, கன்டோன்மென்ட் பங்களாவில் நின்று, சிவாஜி நகரில் விலைக்கு வந்த ஜாடியை மெல்போர்னில் இருக்கும் அதே வீட்டுப் பேத்திக்கு அனுப்ப நினைத்தாலும் சட்டம் குறுக்கே நிற்கும். வரும்போது அது வெறும் வீட்டுச் சாமான். இன்று இந்நாட்டின் தொல்பொருள்.

அப்படியானால் அதற்கான ஆவணம் யார் பொறுப்பு? அருங்காட்சியகத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் எண்ணும் வந்த தேதியும் தந்தவர் பெயரும் பதிவேட்டில் ஏறும். தனியார் சேகரிப்பில் அது பெரும்பாலும் வாய்மொழியோடு நின்றுவிடுகிறது. கடைக்காரர் வீட்டு விவரத்தைச் சொல்லத் தயங்குவதற்கும் காரணம் உண்டு: அடுத்த முறை வாங்குபவர் நேரே அந்த வீட்டுக்குப் போய்விடுவாரே! இருந்தும் கேட்க முடிந்ததைக் கேட்கலாம். எந்தப் பேட்டை, எந்த மாதிரி வீடு, கூட என்னென்ன வந்தன, இதன் ஜோடி யாரிடம் போனது. ஜாடியின் உயரம், முத்திரையின் படம், பழுது பார்த்த இடம், கொடுத்த விலை ஆகியவற்றோடு இதையும் ஒரு நோட்டில் எழுதினால், கின்கோசனின் பெயர் இல்லாத எளிய ஜாடிக்கும் பெங்களூரின் வரலாற்றில் ஓர் இடம் கிடைத்துவிடும். பட்டறைப் பெயரை வைத்து மதிப்பிடும் உலக ஏலச் சந்தை இந்த நோட்டுக்குக் காசு தராது. கன்டோன்மென்ட் வீடுகளின் உட்புறம் எப்படி இருந்தது என்று ஆராய்பவருக்கு அதுவே மூலம்.

நூறு ஆண்டு என்ற அந்தக் கோடு நிலையாக நிற்பதுமில்லை. 2021 கடந்தபோது உண்மையான 'நிப்பான்' முத்திரை ஜாடிகளில் கடைசியாகச் செய்ததும் நூறைத் தொட்டுவிட்டது. அதற்கடுத்த 'மேட் இன் ஜப்பான்' சரக்கு ஆண்டுக்கு ஆண்டு எல்லையைத் தாண்டி வருகிறது: 1920, 30-களில் அவசரமாக வண்ணம் பூசி, பிதுக்கிய களிமண் புள்ளிகளால் டிராகன் வரைந்து, மலிவாக விற்ற ஜாடிகள். 'ஜப்பான் சாமான்' என்றாலே மட்டம் என்று அன்று ஒதுக்கியவை, ஞாயிறு சந்தையில் இப்போதும் சில நூறு ரூபாய்க்குப் பேரம் பேசக் கிடைப்பவை, ஒவ்வொன்றாகச் சட்டப்படித் தொல்பொருளாகிக்கொண்டிருக்கின்றன. 2047-ல் 'ஆக்குபைட் ஜப்பான்' முத்திரைகளின் முறை தொடங்கும்.